மலை கடந்த கறுப்பினச் சைக்கிள் படையினர்

சைக்கிளில் கூடாரத்தையும் சமையற் பாத்திரங்களையும் கட்டிக்கொண்டு, ஆளரவமற்ற மலைகளூடாக வாரக்கணக்கிற் பயணம் செய்வது மேலைநாடுகளில் இன்று பெரியதொரு பொழுதுபோக்கு. அதன் ஆரம்பகால வரலாற்றைத் தேடிப் போகின்றவர்கள் சற்றும் எதிர்பாராத இடமொன்றில் வந்து நிற்பார்கள். அது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள மிசூலாக் கோட்டை. ஆண்டு 1896.

அங்கு அப்பொழுது நிலைகொண்டிருந்தது அமெரிக்கத் தரைப்படையின் 25ஆவது காலாட்படைப் பிரிவு. சிப்பாய்கள் அனைவரும் கறுப்பினத்தவர்; அதிகாரிகளோ வெள்ளையர். அந்த அதிகாரிகளில் ஒருவர் லெப்டினன்ட் ஜேம்ஸ் மொஸ். வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் 1894இல் தமது வகுப்பின் கடைசி மாணவராகத் தேறியவர். நல்ல இடங்களை மற்றையவர்கள் தெரிந்தெடுத்த பின்னர் எஞ்சியதே அவருக்குக் கிடைத்தது.

மொஸ் ஒரு சைக்கிள் பிரியர். இரண்டு சக்கரங்களும் ஒரே அளவான சைக்கிள் சந்தைக்கு வந்து பத்தாண்டுகள் கடந்திருந்தன. டன்லொப்பின் காற்றடைத்த ரயர் 1888இல் வந்துவிட்டது. குதிரைக்குப் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும், அது நோய்வாய்ப்படும், கனைத்து எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். சைக்கிளுக்கு இவை எதுவுமில்லை. எனவே இராணுவத்திற்குச் சைக்கிள் உதவுமா என்பதைப் பாதையற்ற மலைகளிற் சோதித்துப் பார்க்க அவர் அனுமதி கேட்டார். தளபதி நெல்சன் மைல்ஸும் இவ்விடயத்தில் ஆர்வமுடையவராக இருந்ததால் அனுமதி கிடைத்தது. ஸ்போல்டிங் கம்பனி சைக்கிள்களை வழங்கியது.

ஒரு சார்ஜன்ட், ஒரு கோப்ரல், ஓர் இசை வாத்தியக்காரர், ஐந்து சிப்பாய்கள் என எட்டுப் பேர் தெரிவாகினர். உயரமான வேலிகளைச் சைக்கிளோடு தாண்டவும், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கவும் பயிற்சி பெற்றனர். ஓகஸ்ட் மாத முற்பகுதியில் மக்டொனால்ட் ஏரிவரை சென்று திரும்பும் 126 மைல் ஒத்திகைப் பயணம். மழையும் சேறும் அவர்களைப் படுத்தாத பாடு படுத்தின. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையிற் களிமண் அப்பிக்கொள்ள, இறங்கித் தடியாற் சுரண்டிவிட்டு மீண்டும் ஏறினர். அதன் பின்னரே ஏறக்குறைய 800 மைல் தூர யெலோஸ்டோன் பயணம்.

பயணத்துக்கான ஆயத்தங்களைப் பற்றி மொஸ் எழுதி வைத்துள்ள விபரங்கள் படிக்கச் சுவையானவை. ஒவ்வொருவரும் ஒரு போர்வை, பாதிக் கூடாரம், அதற்குரிய கம்புகள் ஆகியவற்றைச் சுருட்டி, சைக்கிள் கைபிடியின் முன்னாற் கட்டிக்கொண்டனர். இருவர் சேர்ந்தாற்றான் ஒரு கூடாரம் முழுமையாகும். சட்டத்தின் நடுவே இருந்த பெட்டியில் உணவு. பன்றி இறைச்சி, மா, அவரை, கோப்பி, சீனி. துவாயும் சவர்க்காரமும் இரண்டு பேருக்கு ஒன்று. இவ்வளவுக்கும் மேலாகத் துப்பாக்கியும் தோட்டாக்களும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒற்றைச் சைக்கிளில் விறகும் நெல்மூட்டையும் மண்ணெண்ணெய்க் கலனும் போனதைக் கண்ட நம்மவர்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது. ஆனால் அவர்கள் ஏறியது றொக்கி மலைத்தொடர் என்பதை மறக்கலாகாது.

யெலோஸ்டோனிற் கொதிநீர் ஊற்றுக்களையும் அருவிகளையும் அவர்கள் மற்றைய உல்லாசப் பயணிகளைப் போலவே சுற்றிப் பார்த்தனர். மினர்வா மேடை எனப்படும் வெண்ணிறச் சுண்ணாம்புப் படிகளில், சைக்கிள்களுடன் அவர்கள் வரிசையாக நிற்கும் புகைப்படம் ஒன்றுண்டு. எடுத்தவர் ஜே ஹெய்ன்ஸ். அப்படத்தை நான் பல தடவை உற்றுப் பார்த்திருக்கிறேன். கட்டளைக்காக நிற்பவர்களின் விறைப்பு அதில் இருக்கின்றது. எனினும் கறுப்பினத்தவர் ஒருவர் அக்காலத்தில் இத்தகைய இடத்தில் நின்று படமெடுத்துக்கொள்ளும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டியிருக்கும்? அதே 1896ஆம் ஆண்டு மே மாதத்திற்றான், புகையிரதப் பெட்டிகளில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைப்பது சட்டத்துக்கு முரணானதல்ல என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

அடுத்த ஆண்டு மொஸ் இன்னும் பெரிய திட்டத்துடன் வந்தார். மிசூலாவிலிருந்து சென் லூயிஸ் நகர்வரை 1,900 மைல். இம்முறை இருபது சிப்பாய்கள், ஓர் இராணுவ மருத்துவர், ஒரு நிருபர். ஸ்போல்டிங் கம்பனி இரும்பு விளிம்புச் சக்கரங்களுடன் புதிய சைக்கிள்களைச் செய்து கொடுத்தது. பொதியுடன் ஒரு சைக்கிளின் நிறை ஏறத்தாழ 59 இறாத்தல். துப்பாக்கி இதற்குப் புறம்பு. நூறு மைலுக்கு ஓரிடம் என்ற கணக்கில் வழிநெடுக உணவுப் பொருட்கள் முன்கூட்டியே அனுப்பி வைக்கப்பட்டன. பழுதுபார்க்கும் பொறுப்பு, முன்னர் சிக்காகோவில் சைக்கிள் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த ஜோன் பின்ட்லி என்ற சிப்பாயிடம் ஒப்படைக்கப்பட்டது.

1897 ஜூன் 14ஆம் திகதி புறப்பட்டனர். முலன் கணவாயைக் கடக்கும்போது கோடைகாலத்திலும் பனி பொழிந்தது. 1876இல் ஜெனரல் கஸ்டரின் படை அழிந்த லிட்டில் பிக்ஹோர்ன் போர்க்களத்தின் வழியாகச் சென்றனர். நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளிற்றான் உண்மையான சோதனை காத்திருந்தது. மணலிற் சக்கரம் புதைந்தது. வேறு வழியின்றிப் புகையிரதத் தண்டவாளங்களுக்கு நடுவே, சிலிப்பர் கட்டைகளின் மேல் துள்ளித் துள்ளி ஓட்டினர். அப்பகுதியின் உவர்நீரைக் குடித்துப் பலர் நோயுற்றனர். மொஸ்ஸும் படுக்கையில் வீழ்ந்தார். அவரை அலையன்ஸ் என்ற ஊரில் விட்டுவிட்டு மருத்துவர் கென்னடியின் தலைமையிற் படை தொடர்ந்தது. பின்னர் அவர் வந்து சேர்ந்துகொண்டார்.

ஜூலை 24ஆம் திகதி சென் லூயிஸ் வந்தடைந்தபோது 41 நாட்கள் கழிந்திருந்தன. நகரத்துச் சைக்கிள் கழகத்தினர் எதிர்கொண்டு அழைத்து வந்தனர். போரெஸ்ட் பூங்காவில் இடப்பட்ட அவர்களது முகாமைக் காண மக்கள் திரண்டனர். காலாட்படைக்குத் தேவைப்படும் காலத்தில் அரைவாசியே இப்பயணத்துக்குப் போதுமாயிற்று என்று மொஸ் அறிக்கையிட்டார். சிப்பாய்கள் புகையிரதத்தில் மிசூலாவுக்குத் திரும்பினர்.

இப்பயணத்தை நாம் இன்று அறிந்திருப்பதற்கு முக்கிய காரணம், எட்வேர்ட் பூஸ் என்ற பத்தொன்பது வயது மிசூலா நிருபர். வாகனத்திற் பின்தொடராமல் அவரும் சைக்கிளோட்டியபடியே செய்திகளை அனுப்பினார். ஒரு பத்திரிகையாளன் என்ற முறையில் அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. இருந்தும் ஒரு குறை உறுத்துகின்றது. மொஸ்ஸின் அறிக்கைகளும் பூஸின் செய்திகளும் மைல்களையும் இறாத்தல்களையும் மழையையும் சேற்றையும் துல்லியமாகப் பதிவு செய்கின்றன. சிப்பாய்கள் தம் வாயாற் சொன்னவையோ மிகச் சொற்பம். கால் வலித்ததா, ரசித்தார்களா, வழியிலுள்ள ஊர்கள் அவர்களை எப்படி நடத்தின என்பவற்றை அவர்களே எழுதியிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடியது வேறொரு வரலாறு.

சைக்கிள் படை அத்துடன் முடிந்துபோயிற்று. 1898இல் ஸ்பெயினுடன் போர் மூண்டது. 25ஆவது பிரிவு கியூபாவுக்கு அனுப்பப்பட்டு எல் கனேயிற் போரிட்டது. சைக்கிளின் இராணுவப் பயனை உலகுக்கு உணர்த்தியவர்கள் 1941-42இல் மலாயாவூடாகச் சைக்கிளிற் பாய்ந்து வந்த ஜப்பானியரே.

மொஸ் பின்னாளில் கேணலாக உயர்ந்தார். அதிகாரிகளுக்கான கைநூல்கள் எழுதிப் பெயர் பெற்றார். சென் லூயிஸ் பயணத்தில் அவரின் கீழ்ச் சென்ற சார்ஜன்ட் மிங்கோ சாண்டர்ஸின் கதை வேறு. 1906 ஓகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் நகரில் இரவு நேரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் கொல்லப்பட்டார். பழி 25ஆவது பிரிவின் மீது விழுந்தது. விசாரணை மன்றம் எதுவுமின்றி, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 167 கறுப்பினச் சிப்பாய்களை மரியாதையின்றிப் படையிலிருந்து நீக்கினார். இருபத்தாறு ஆண்டுகள் சேவையாற்றி ஓய்வூதியத்தை நெருங்கிக்கொண்டிருந்த சாண்டர்ஸும் அவர்களுள் ஒருவர். செனட்டர் போரேக்கர் அவர்களுக்காக வாதாடியும் பலனில்லை. சாண்டர்ஸ் 1929இற் காலமானார்.

அவர்கள் குற்றமற்றவர்கள் என இராணுவம் ஏற்று அந்த நீக்கங்களை மாற்றியது 1972இல். நீக்கப்பட்டவர்களில் அப்போது உயிரோடிருந்தவராக அறியப்பட்ட டோர்சி வில்லிஸ் என்ற முதியவருக்கு 25,000 டொலர் வழங்கப்பட்டது.

1974இல் மொன்டானாப் பல்கலைக்கழக மாணவர்கள் அப்பாதையில் மீண்டும் சைக்கிளோட்டினர். 125 ஆண்டு நிறைவின்போது, 2022இல், எரிக் செடேனோ என்பவர் தனியாகப் புறப்பட்டார். ஜூன் 14இல் மிசூலாவை விட்டு நீங்கி, ஜூலை 24இல் சென் லூயிஸை அடைந்தார்.