வாடகையிலிருந்து சதுர அடிக்கு: தாம்பரம் வட்டாரத்தில் சொத்து வரி மேல்முறையீடு

தாம்பரம் பக்கத்துப் பழைய வீட்டுக்காரர்கள் இன்றும் ‘வீட்டு வரி’ என்றுதான் சொல்வார்கள். ஊராட்சிக்குக் கட்டியது வீட்டு வரி. நகராட்சி விதித்தது சொத்து வரி. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது. வயல்கள் மனைகளாயின, மனைகளில் வாடகை வீடுகள் எழுந்தன. 1964-இல் தாம்பரம் நகராட்சியானபோது வீட்டு வரி சொத்து வரியானது. அதை எதிர்க்கும் முறையும் மாறியது.

அந்த முறையை வகுத்தது 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதன்படி வரிக்கு அடிப்படையாக இருந்தது ஆண்டு மதிப்பு. அதாவது, அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய ஓராண்டு வாடகை. பழுதுபார்ப்புக்காக அதில் பத்தில் ஒரு பங்கு கழிக்கப்பட்டது. வரி உயர்ந்தால் முதலில் அறிவிப்பு வரும். உரிமையாளர் குறித்த நாளுக்குள் ஆணையரிடம் சீராய்வு மனு கொடுக்கலாம். அங்கே குறையாவிட்டால், கவுன்சிலர்கள் அடங்கிய வரி விதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். ஆனால் வரியைக் கட்டிய ரசீது இல்லாமல் மேல்முறையீடு விசாரணைக்கு வராது. முதலில் கட்டு, பிறகு கேள் என்பதே விதியாக இருந்தது.

இந்த இரண்டு படிகளிலும் வக்கீலுக்கு அதிக வேலை இருந்ததில்லை. வெள்ளைத்தாளில் எழுதிய மனு, பக்கத்து வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் நகல், தெரிந்த கவுன்சிலர் ஒருவர் என்று காரியம் நடந்தது. வக்கீல் வருவது அதற்குப் பிறகுதான். நகராட்சி விதித்த வரியை நீதிமன்றத்தில் எளிதில் கேள்வி கேட்க முடியாதபடி 354-ஆம் பிரிவு கதவைச் சாத்தி வைத்திருந்தது. ஒரு சிறு இடுக்கு மட்டும் விட்டிருந்தது: சட்டம் சொன்ன முறை உண்மையில் பின்பற்றப்படவில்லை என்றால் வழக்குப் போடலாம். ஆகவே முன்சீப் கோர்ட்டில் ‘வரி அதிகம்’ என்று வாதாடிப் பயனில்லை. அறிவிப்பு வந்து சேரவில்லை, மனுவை விசாரிக்கவில்லை, காரணம் சொல்லாமல் தள்ளிவிட்டார்கள் என்றுதான் வாதாட வேண்டும். வழக்கு முழுக்க நடைமுறையைச் சுற்றியே நடக்கும். கட்சிக்காரருக்கோ தொகைதான் கவலை.

இந்தச் சட்டத்தின் கீழ் எழுந்த மிகப் பெரிய வழக்கு குண்டூரில் பிறந்தது. அந்த ஊர் வரி செலுத்துவோர் சங்கம் நகராட்சியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி நியாய வாடகை நிர்ணயிக்கப்படாத கட்டடத்துக்கு எவ்வளவு வாடகையையும் மதிப்பாகக் கொள்ளலாம் என்பது நகராட்சியின் வாதம். நீதிமன்றம் 1970-இல் அதை ஏற்க மறுத்தது. நியாய வாடகையை மிஞ்சி உரிமையாளர் சட்டப்படி எதிர்பார்க்க முடியாது. எனவே அது நிர்ணயிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுவே வரம்பு என்றது. தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நகராட்சிகளுக்கும் பொருந்தியதால், வரி வழக்கு நடத்தும் வக்கீல்களுக்கு இது கைவாள் ஆனது. ஒரு குறை: கட்டி முடித்து ஐந்தாண்டு ஆகாத கட்டடத்துக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. புது வீடுகள் முளைத்துக்கொண்டே இருந்த புறநகரில் அது சிறிய விலக்கு அல்ல. பின்னர் 2019-இல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்து 1960-ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றபோது, அந்த வாதமும் பெரும்பாலும் வலுவிழந்தது.

எந்த எல்லைக்குள் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தும் போக வேண்டிய இடம் மாறியது. பரங்கிமலை–பல்லாவரம் கண்டோன்மென்டுக்குத் தனிச் சட்டம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றத்துக்கே போகும். ஆலந்தூர், உள்ளகரம்–புழுதிவாக்கம் ஆகியவை 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. சென்னைக்குரிய 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழுவின் முடிவை எதிர்த்து சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போகும் வழி இருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் மூன்று சட்டங்கள், மூன்று வாசல்கள்.

வழக்கின் பொருளே மாறியது 1998 அக்டோபரில் நடந்த சொத்து வரிப் பொதுச் சீராய்வுக்குப் பின்தான். தெருவுக்குத் தெரு சதுர அடிக்கு இவ்வளவு என்று அடிப்படை மதிப்பு வகுக்கப்பட்டு, கணக்கு கட்டடப் பரப்பின் மேல் ஏறியது. 2008-இல் மறுபடியும் சீராய்வு. 2018-இல் உயர்த்திய வரி, எதிர்ப்பு எழுந்ததால் 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. அடுத்த ஏப்ரலிலேயே புதிய உயர்வு வந்தது. குடியிருப்புகளில் 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கும் 100.

இந்தப் படிக்கட்டு வரியில் அளவுதான் எல்லாம். 1,195 சதுர அடி வீட்டுக்கு ஏற்றம் 50 விழுக்காடு. கணக்கெடுக்க வந்தவர் போர்டிகோவையும் சேர்த்து 1,210 என்று எழுதிவிட்டால் 75. வாசல் அறையில் தையல் மெஷின் போட்டிருந்தால் அது வீடா, கடையா என்ற சண்டை வேறு. அதனால் இன்று வக்கீலிடம் போகிறவர் முதலில் எடுத்துச் செல்வது வாடகை ஒப்பந்தத்தை அல்ல. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும், பொறியாளர் ஒருவர் டேப் பிடித்து அளந்து கொடுத்த தாளையும்தான். மனு போடும் சட்டமும் மாறிவிட்டது: 2023 ஏப்ரல் 13 முதல் பழைய நகராட்சி, மாநகராட்சிச் சட்டங்களுக்குப் பதிலாக தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

மேல்முறையீட்டில் வரி குறைந்தால், முன்பே கட்டிய கூடுதல் தொகை பெரும்பாலும் ரொக்கமாகக் கைக்கு வருவதில்லை. 2019-இல் உயர்வு நிறுத்தப்பட்டபோதும் அதிகமாகக் கட்டியவர்களுக்கு இப்படித்தான் நடந்தது: அடுத்த அரையாண்டுக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள்.