பழைய வடிவிற் புதிய கமராவும் வாவிக்கரை நினைவுகளும்

மனிதன் தன் காலத்தைப் படமாகப் பதிய முயன்ற வரலாற்றிலே கமரா சிறுத்த கதை தனியிடம் பெறுவதாகும். ஜேர்மனியரான ஒஸ்கார் பார்னாக் சினிமாச் சுருளைக் கொண்டு இயங்குமாறு அமைத்த லைக்கா 1925 இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமாயிற்று. கையடக்கமான கருவியாலும் நுணுக்கமான படம் பெறலாம் என்பதை அது நிலைநாட்டியது. பின்னர் பரவிய எஸ்.எல்.ஆர். கமராக்கள் உள்ளே ஓர் ஆடியைத் தாங்கியமையாற் பருத்தன. அவ்வாடியை நீக்கிய டிஜிட்டல் கமராக்கள் 2008 முதற் பெருகின. 2011 இல் யப்பானிய பியூஜிபிலிம் நிறுவனம் விற்பனைக்கு விட்ட எக்ஸ்100 பழைய சுருட்கமராவின் தோற்றத்தையே மீண்டும் பூண்டது. கையாற் திருகும் வளையமும் குமிழும் கொண்ட அதன் நிறை ஏறத்தாழ 445 கிராமே.

மட்டக்களப்பு வாவிக்கரை வாழ்வுக்கு இத்தகைய கருவி இயைபுடையதே. ஆடும் தோணியில் அமர்ந்து வீச்சுவலை விரியும் கணத்தைப் பற்றுவதற்குச் சிறுமை துணைசெய்யும்; கண்ணகி அம்மன் சடங்கிலும் கூத்துக் களரியிலும் அது எவரையும் மிரட்டாது. எனினும் உப்புக்காற்றும் ஈரமும் வில்லையிற் பூஞ்சணம் படரச் செய்வன. நாள்தோறும் துடைத்து ஈரமுறிஞ்சும் பொதியுடன் பேணாதவர் அதனை விரைவில் இழப்பர்.

கருவியின் இழப்பினும் கொடியது படங்களின் இழப்பு. 1978 நவம்பர் 23 ஆந் திகதிச் சூறாவளி இப்பிரதேசத்து வீடுகளின் கூரைகளைப் பெயர்த்தது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை நாவலடி போன்ற கரையோரக் கிராமங்களை அழித்தது. உயிர்களோடும் உடைமைகளோடும் கலியாண அல்பங்களும் இறந்தோரின் திருவுருவப் படங்களும் நீரிற் கரைந்தன. மாறாக, 1969 இல் அக்கரைப்பற்றில் ஆய்வைத் தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, தமிழரின் வழிபாடும் வாழ்வும் பற்றிய படங்களை 1998 இல் நூலாக்கினார். பல கைகளிற் பரந்த நூல் ஒரு வெள்ளத்தால் அழிவதில்லை.

எனவே, பழைய வடிவத்தின் அழகிலே மயங்குவோர் அதனுள்ளே பொதிந்த புதுமையை மறத்தல் ஆகாது. அப்புதுமை, ஒரு படத்தைச் சிதைவின்றிப் பலவாக்கும் ஆற்றலாகும். ஒரே நினைவகத்திற் கிடக்கும் படம், ஒரே பெட்டியிற் கிடந்த அல்பம் போன்றதே. எடுத்த படத்தை எடுக்கப்பட்டவருக்கு அளித்து, மற்றொரு படியைத் தொலைவிலுள்ள உறவினரிடமும் பிறிதொன்றை நூலகத்திலும் வைத்தலே, இருமுறை அழிவைக் கண்ட இப்பிரதேசத்திற் கமரா ஏந்துவோரின் முதற் கடன் எனலாம்.