மூன்று விரல்கள்

ஜப்பானிய ஷியாட்சுவில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே உடம்பின் நிலையை அறிவார்களாம். பேரன் சொன்னான். எனக்கு விருத்தாசலத்து வைத்தியர் ஞாபகம் வந்தார்.

சித்த மருத்துவத்தில் இதற்கு எண்வகைத் தேர்வு என்று பெயர்: நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், நீர். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். நீரைச் சோதிக்க தேரையர் பெயரால் வழங்கும் நெய்க்குறி உண்டு. நீரில் விட்ட நல்லெண்ணெய்த் துளி பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம்.

அப்பா இங்கே செராமிக் பட்டறையில் கல்மாவு அரைத்தவர். ஓயாத இருமல். வைத்தியர் வெகுநேரம் கையைப் பிடித்திருந்தார். பேச வைத்துக் கேட்டார். பிறகு, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றார். பதிலைக் கேட்டதும் விரலை எடுத்துவிட்டார்.

"கஷாயம் தர்றேன். ஆனா முதல்ல நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க."

படத்தில் தெரிந்தது கல்தூசி. அப்பா அந்த வேலையை விட்டார். அதன்பின் பதினாறு வருஷம் எங்களோடு இருந்தார்.

எட்டுத் தேர்வும் தெரிந்தவர்தான். ஒன்பதாவதாக அவர் கேட்ட கேள்விதான் அப்பாவைக் காப்பாற்றியது.