புல் தின்ற மாடும் புல் வெட்டும் டிராக்டரும்

திண்டுக்கல்லைப் பற்றி எழுதப் புகுவோர் மலைக்கோட்டையை எழுதுவர்; பூட்டையும் புகையிலையையும் எழுதுவர். புல்லை எழுதியவர் அரிது. இச்சமவெளியின் உழவு வரலாற்றைப் புல்லிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் எண்ணம்.

ஏர்மாட்டுக் காலத்தின் எரிபொருள் புல்தான். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் கிளுவை வேலி அடைத்த கொறங்காடுகள் உண்டு. மேலே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப்புல். ஒரு காட்டை மேயவிட்டு இன்னொன்றை ஆறப்போடுவது வழக்கம். அங்கே புல்வெட்ட ஆளும் வேண்டாம், கருவியும் வேண்டாம், மாடே மேய்ந்துகொண்டது. மேய்ந்த மாடு உழுதது, கமலை இறைத்தது, பாரம் இழுத்தது, எருவும் இட்டது.

இந்த வட்டத்தை டிராக்டர் உடைத்ததாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மையே. பைக்காரா (1932), மேட்டூர் (1937), பாபநாசம் (1944) என்று நீர்மின் நிலையங்கள் அடுத்தடுத்து வந்து, பின்னர் கிணறுதோறும் மின்மோட்டார் அமர்ந்தபோதே கமலை மாட்டின் வேலை போயிற்று. ஏர் மட்டும் அதனிடம் எஞ்சியிருந்தது. அதையும் டிராக்டர் வாங்கிக்கொண்டது.

அந்த டிராக்டரின் பூர்விகம் அயர்லாந்து. ஹாரி பெர்குசன் என்னும் பொறியாளர் 1920களில் ஒரு யோசனையைச் செப்பனிட்டார். கலப்பையைச் சங்கிலியால் பின்னால் கட்டி இழுக்காமல், மூன்று புள்ளிகளில் டிராக்டருடனேயே பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கவும் இறக்கவும் செய்வது. கலப்பையின் இழுவிசையே பின்சக்கரத்தை மண்ணில் அழுத்தியதால் சிறிய, இலேசான வண்டியும் ஆழ உழுதது. 1946இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாராகத் தொடங்கிய அவருடைய சாம்பல் நிற வண்டி, பத்தாண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. 1953இல் அவர் நிறுவனம் மாஸி ஹாரிஸுடன் இணைந்தது. அந்த மாஸி பெர்குசனின் கூட்டுறவோடு 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கியது. செம்பியத்தில் வண்டிகள் உருவாயின. அவற்றுக்கு எஞ்சின் தந்த சிம்ப்சன் கம்பெனி 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய நிறுவனம் என்பதைப் படிக்கும்போது வரலாற்றுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டென்று தோன்றுகிறது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், கல்லடிப்பட்டியிலும் டாஃபேயின் தொழிற்சாலை ஒன்று உள்ளது.

பழைய வண்டி மீண்டும் ஓடுவதற்கான காரணம் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. செம்பியத்து 35 குதிரைத்திறன் வண்டியின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதும் மாறவில்லை. அதனால் உதிரிப்பாகம் கிடைக்கிறது. கைப்பழக்கமுள்ள மெக்கானிக்கும் கிடைக்கிறார். மாட்டுக்கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டிக்கு வரும் நோய்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். தொட்டியில் டீசலோடு நீர் கலந்திருக்கும், நாசில் அடைத்திருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும், ஹைட்ராலிக் சீல்கள் காய்ந்து வெடித்திருக்கும். பிஸ்டன் இறுகியிருந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். பொறுமையிழந்து வண்டியைக் கட்டி இழுத்தால் உள்ளே ஏதேனும் முறியும். பிறகு டீசல் குழாயில் ஏறிய காற்றை வெளியேற்ற வேண்டும். திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வழியும்வரை காத்திருப்பதே அவ்வேலை. பேட்டரி நல்லதாயிருந்தால் முதலில் கரும்புகை வரும். சத்தம் பின்னால் வரும்.

உழவுக்கு இன்று பெரிய வண்டிகள் வந்துவிட்டன. உயிர்த்தெழுந்த கிழவண்டிக்குத் தோப்பில் புல்வெட்டும் வேலை தரப்படுகிறது. தென்னையும் பனையும் மரமல்ல, புறத்தே வைரம் பாய்ந்த புல்லே என்பது தொல்காப்பிய மரபியலின் வகைப்பாடு. அப்படியானால் தென்னந்தோப்பில் நடப்பது பெரும்புல்லின் அடியில் சிறுபுல்லை வெட்டும் காரியம்! வண்டியின் பின்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழல, அதனோடு இணைத்த கத்திகள் தரையை ஒட்டிப் புல்லைச் சிதறடிக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய ஒற்றைக் கிளட்ச் வண்டிகளில் கிளட்சை மிதித்தாலும் கனத்த கத்திகள் தம் வேகத்தில் சுழன்றபடி இருக்கும். அந்த விசை பின்தண்டு வழியாகக் கியர்ப்பெட்டிக்குத் திரும்பி, நிற்க வேண்டிய வண்டியை முன்னே தள்ளும். கிணற்று மேட்டின் ஓரத்தில் இது உயிர்ப்பிரச்சினை. ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும் இணைப்பைத் தண்டில் பொருத்தினால் ஆபத்து தீரும். பெயின்டுக்குச் செலவழிப்பவர்கள் இதற்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்குவதேயில்லை.

இக்கருவி தீவனத்துக்கு ஆகாது. புல்லை மண்ணோடு சேர்த்து நொறுக்கிவிடும். கறவை மாட்டுக்கென நடும் கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லைத் தண்டோடு அறுக்கத்தான் வேண்டும். அதற்கு அரிவாளே இன்னும் பெரிதும் பயன்படுகிறது. தோப்பில் வெட்டுண்ட புல்லோ, தின்ன மாடின்றி, தென்னையின் வட்டப்பாத்தியில் மூடாக்காகக் கிடந்து மக்குகிறது.