பழங்கல்படி

செம்பியன் மாதேவியாரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டாகும். கண்டராதித்த சோழரின் தேவியார். உத்தம சோழனின் தாயார். பத்தாம் நூற்றாண்டில், செங்கல்லால் கட்டி நலிந்துபோயிருந்த பழைய சிவாலயங்களை ஒவ்வொன்றாகக் கருங்கல்லில் எடுப்பித்த புண்ணியவதி. விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலும் அந்த அம்மையாரின் திருப்பணி பெற்றதுதான்.

கல்லில் கட்டியது பெரிதல்ல. திருக்கோடிகாவில் அவர் செய்த காரியந்தான் பெரிது. அங்கே பழங்கற்களில் பல்லவர் காலத்துச் சாஸனங்கள் இருந்தன. யார், எதற்கு, எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்குகள். பழைய கல்லை அப்புறப்படுத்துமுன் அவற்றைப் படித்து, புதிய சுவரிலே மறுபடி வெட்டச் செய்தார். இது பழங்கல்படி, அதாவது பழைய கல்லின் நகல், என்று குறிப்பும் போட வைத்தார்!

இது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் செய்து விற்கும் நண்பர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். அவருடைய வியாபாரக் கணக்கு முழுவதும் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பழைய மென்பொருளில் இருக்கிறது. அந்தக் கருவியின் கடைசிப் பதிப்பு வந்தது 2004-ல். 2015-ல் மைக்ரோஸாப்ட் கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டது. "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று ஒரு பையன் சொல்கிறான். செய்யலாமா ஸார்?" என்றார். கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

புதுக் கருவி வந்துவிட்டது என்பது ஒரு காரணமாகாது. செங்கல் உதிர்கிறது என்பது காரணம். இவருடைய செங்கல் உதிரத்தான் போகிறது. ஆனால் எப்படி மாற்றுவது?

அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்ற கம்பெனி இருந்தது. உலகமெல்லாம் இணையத்தைப் பார்த்தது அதன் ஜன்னல் வழியாகத்தான். 1997-ல் நான்காம் பதிப்பு வந்தது. பிறகு பழைய நிரலை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். ஐந்தாம் பதிப்பு வரவேயில்லை. ஆறாவது வந்தபோது 2000-ம் வருஷம் முடியப் போகிறது. அதற்குள் போட்டிக்காரன் கடையை விரித்துச் சந்தையையே பிடித்துக்கொண்டான். நம்முடைய கோயில் திருப்பணியில் இந்த விபத்து நேராது. பாலாலயம் செய்து பூஜையை அங்கே நடத்திக்கொண்டே அல்லவா கர்ப்பக்கிருகத்தில் கை வைக்கிறார்கள்?

நண்பரின் பழைய நிரலில் ஒரு வரி இருந்தது. ஒரே ஒரு வியாபாரிக்கு மட்டும் உடைசலுக்காக நூற்றுக்கு மூன்று கூடுதலாகக் கழிக்கும் வரி. பையன் அதைப் பிழை என்று அடித்துவிட்டான். அது நண்பரின் தகப்பனார் கொடுத்த வாக்கு என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? எந்தக் கல்லிலும் எழுதி வைக்கவில்லையே!

அந்த ஊர்க் கதை ஒன்றும் உண்டு. சுந்தரர் இறைவனிடம் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தாராம். தம்பிரான் தோழர்தான், இருந்தாலும் இறைவனையே நம்பிச் சும்மா வந்துவிடவில்லை. ஆற்றில் இடுமுன் மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் ஒப்பிட்டுப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. பாடிச் சரிசெய்த பிறகுதான் பொன்னை ஏற்றார். அதை உரைத்துப் பார்த்தவருக்கு மாற்றுரைத்த பிள்ளையார் என்று பெயர்; கமலாலயக் கரையில் இன்றும் இருக்கிறார்.