ஜப்பானியர் காப்பி அருந்திய வரலாறு



ஜப்பான் நாட்டுச் சிறுவர் வார இதழ் ஒன்றில் 1994-ஆம் ஆண்டு தொடங்கி இன்றளவும் தொடர்ந்துவரும் சித்திரக்கதை ஒன்று உண்டு. அதன் பெயர் ‘துப்பறிவாளர் கோனன்’. அதனைப் படைத்தவர் அவோயாமா கோஷோ. 1996 முதல் தொலைக்காட்சியிலும் அது அசையும் சித்திரமாக வருகின்றது. உங்களுள் சிலர் அதனைக் கண்டிருப்பீர்கள். நஞ்சொன்றினால் சிறுவன் உருவாகிவிட்ட உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன், துப்பறிவாளர் ஒருவரின் வீட்டில் தங்கிக் குற்றங்களின் மறைபொருளைக் கண்டறிகின்றான். அத்துப்பறிவாளரின் அலுவலகத்துக்கு நேர் கீழே, தெருவைப் பார்த்த தளத்தில், ‘பொய்ரோ’ என்றொரு காப்பிக்கடை இருக்கின்றது. ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளரின் பெயர் அது. கதைமாந்தர் படியிறங்கி வந்து அங்கு அமர்வதும், காப்பி அருந்திக்கொண்டே பேசுவதும் அக்கதையில் மிக இயல்பாக நிகழ்வன.

ஆயின் ஜப்பான் தேநீருக்குப் பெயர் பெற்ற நாடு அன்றோ? தேநீர் வழங்குவதையே ஒரு கலையாக வளர்த்த மக்கள் அவர்கள். அவர்தம் தெருவில் காப்பிக்கடை இத்துணை இயல்பாக இடம்பெற்றது எங்ஙனம்? கோனன் சிறு தடயத்தைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்வதுபோல, நாமும் அக்காப்பிக் கிண்ணத்தைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்வோம்.

பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானிய ஆட்சியாளர் அயல்நாட்டார்க்குத் தம் கதவுகளைப் பெரிதும் அடைத்தனர். ஐரோப்பியருள் டச்சு வணிகர்க்கு மட்டுமே இடம் தந்தனர். அவர்களையும் 1641 முதல் நாகசாகித் துறைமுகத்திலிருந்த தெஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவில் அடக்கி வைத்தனர். அவ்வணிகர் தமக்கெனக் கொண்டுவந்த காப்பியை, அவர்களோடு பழகிய மொழிபெயர்ப்பாளரும் அலுவலரும் சுவைத்திருத்தல் கூடும். ஓதா நாம்போ என்னும் எழுத்தாளர் 1804-இல் நாகசாகியில் பணியாற்றியபோது டச்சுக் கப்பலொன்றில் காப்பி அருந்தினார். தீய்ந்த நாற்றம் வீசுகின்றது, சுவை பொறுக்க இயலவில்லை என்ற கருத்தினைக் குறித்து வைத்தார். ஒரு நாட்டாரின் விருப்பமான பானம் வேறொரு நாட்டார்க்குக் கரிக்கட்டையாகத் தோன்றியது! சுவை என்பது நாவோடு பிறப்பதன்று. பழக்கத்தினால் வளர்வது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

1853-இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்தன. 1858-இல் வணிக உடன்படிக்கைகள் ஏற்பட்டன, துறைமுகங்கள் திறந்தன. மேல்நாட்டு உடை வந்தது, இருப்புப்பாதை வந்தது, காப்பியும் வந்தது. 1888 ஏப்ரலில் டோக்கியோ நகரின் உவேனோப் பகுதியில் ‘காஹீ சாகான்’ என்னும் காப்பியகத்தைத் தெய் எய்கெய் என்பவர் திறந்தார். அவர் அமெரிக்காவில் கல்வி பயின்றவர். இளைஞர் கூடிப் படிக்கவும் உரையாடவும் ஓரிடம் வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். நாளிதழ்கள், நூல்கள், பில்லியர்ட்ஸ் மேசை ஆகியவை அங்கிருந்தன. காப்பியின் விலை ஒன்றரை சென். பால் கலந்தது இரண்டு சென். ஒரு கிண்ணம் சோபாவைவிட இது மிகுதி. வயிறு நிறையாத கசப்பு நீருக்கு இவ்வளவு பொருள் தர எளியோர் முன்வரவில்லை. சில ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. கடனுற்ற தெய் எய்கெய் அமெரிக்காவுக்குச் சென்று, அங்கேயே இளம் வயதில் மறைந்தார்.

நல்ல எண்ணம் மட்டும் ஒரு பழக்கத்தை வேரூன்றச் செய்வதில்லை. விலை குறைதல் வேண்டும். அது குறைந்த வரலாறுதான் நாம் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டியது. அதற்கு நாம் உலகின் மறுபுறம் செல்லுதல் வேண்டும்.

அதே 1888-ஆம் ஆண்டு, மே திங்கள் 13-ஆம் நாள், பிரேசில் நாட்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்நாட்டுக் காப்பித் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பால் வளர்ந்தவை. இனிக் காப்பி பறிப்பவர் யார்? தோட்ட முதலாளிகள் இத்தாலியிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏழை மக்களை வரவழைத்தனர். அம்மக்கள் பட்ட இன்னல்களைக் கேட்ட இத்தாலிய அரசு, 1902-இல் பயணச் செலவு கொடுத்து ஆள் சேர்க்கும் முறையைத் தடை செய்தது. மீண்டும் ஆள் பஞ்சம். அவ்வேளையில் ஜப்பானிய உழவரும் இரஷ்யப் போருக்குப்பின் வறுமையில் வாடினர். அமெரிக்காவோ அவர்களுக்குக் கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தது.

1908 ஏப்ரல் 28-ஆம் நாள் ‘கசாதோ மாரு’ என்னும் கப்பல் கோபே துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. ஒப்பந்தக் குடியேறிகள் 781 பேர் அதில் இருந்தனர். அவர்களைத் திரட்டியவர் மிசுனோ ரியூ என்பவர். காப்பிச் செடி பணம் காய்க்கும் மரம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. குடும்பமாக வருவோரையே ஏற்பர் என்பதால், உறவில்லாதோரும் ஏட்டளவில் உறவினராகிக் கப்பலேறினர். ஜூன் 18-ஆம் நாள் சாந்தோஸ் துறைமுகத்தை அடைந்தனர். தோட்டத்தில் கண்டது வேறு. அவ்வாண்டு விளைச்சல் குறைவு, கூலியும் குறைவு. உணவுப் பொருளைத் தோட்டத்துக் கடையிலேயே வாங்க நேர்ந்ததால் கடன் ஏறியது. மொழி தெரியாத நாட்டில், சில திங்களுக்குள்ளாகவே பலர் தோட்டங்களை விட்டு வெளியேறினர். எனினும் கப்பல்கள் தொடர்ந்து சென்றன. நாடு திரும்பப் பொருளில்லாதோர் அம்மண்ணிலேயே வேரூன்றினர்.

இனி, கிண்ணத்துக்கு வருவோம். பிரேசிலில் அந்நாளில் காப்பி மிகையாக விளைந்து விலை சரிந்துகொண்டிருந்தது. 1906-இல் மூன்று மாநில அரசுகள் கூடி, மிகையான காப்பியைத் தாமே வாங்கி வைப்பது என முடிவு செய்யும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. புதிய வாடிக்கையாளர் வேண்டியிருந்தது. ஆகவே, ஆட்களை அனுப்பிய மிசுனோவுக்குச் சாவோ பாவுலோ மாநில அரசு சில ஆண்டுகள் காப்பிக்கொட்டையை விலையின்றி வழங்கியது. ஜப்பானில் காப்பியைப் பரப்புவதே அதன் நோக்கம். அக்கொட்டையைக் கொண்டு 1911-இல் டோக்கியோவின் கின்சாப் பகுதியில் ‘கபே பாவுலிஸ்தா’ திறக்கப்பட்டது. ஒரு கிண்ணம் ஐந்து சென். ஏனைய உயர்தரக் கடைகளோடு ஒப்பிட இது மலிவு. மாணவரும் எழுத்தாளரும் அங்கே திரண்டனர். பல நகரங்களில் கிளைகள் தோன்றின. தெய் எய்கெய் கண்ட கனவு இருபத்து மூன்றாண்டுகளுக்குப் பின் நனவாயிற்று. ஆனால், அம்மலிவு விலையின் பின்னே கடல் கடந்த உழவர்தம் கைகள் இருந்தன.

பின்னர் உலகப்போர் வந்தது. காப்பி இறக்குமதி சுருங்கி, இறுதியில் நின்றே போயிற்று. சோயா முதலியவற்றை வறுத்துப் பொடித்து மக்கள் மனத்தை ஆற்றிக்கொண்டனர். 1950-இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. 1960-இல் காப்பிக்கொட்டைக்கு இருந்த கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் காப்பியகங்கள் ஊர்தோறும் பெருகின. இசைத்தட்டு வாங்க இயலாத இளைஞர் ஒரு கிண்ணம் காப்பியின் விலையில் ஜாஸ் இசை கேட்பதற்கென்றே தனிக் கடைகள் இருந்தன. 1981-இல் நாடெங்கும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட காப்பியகங்கள் இருந்தன. பிறகு அவற்றின் தொகை பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது. சித்திரக்கதையில் வரும் ‘பொய்ரோ’ அத்தகைய சிறு தெருக்கடைகளின் மரபில் வந்தது. அக்கடைகளை ஜப்பானியர் ‘கிஸ்ஸாதென்’ என்பர். அச்சொல்லுக்குப் பொருள் யாது தெரியுமா? ‘தேநீர் அருந்தும் கடை’ என்பதே! வந்த விருந்து வீட்டுக்காரரின் பெயரையே பெற்றுக்கொண்டது.

அன்று சென்றவர்தம் வழித்தோன்றல்களால், ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய மரபினர் மிகுதியாக வாழும் நாடு இன்று பிரேசிலே ஆகும். ஜூன் 18-ஆம் நாளை அவர்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர்.

மாணவர்களே, அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் மட்டுமே வரலாறு என்று கருதிவிடாதீர்கள். நாள்தோறும் நாம் கையாளும் பொருள் ஒவ்வொன்றும் ஒரு வினாவுக்கு விடை தரக் காத்திருக்கின்றது. இது இவ்வளவு மலிவாக என் கைக்கு வந்தது யாருடைய உழைப்பால் என்பதே அவ்வினா. அதனைக் கேட்கப் பழகியவர் எப்பாடநூலையும் விழிப்போடு படிப்பர், உழைப்பவரை மறவார்.