நிகழ்ச்சித் தாள் கூறும் வரலாறு



கச்சேரி மண்டபத்து வாயிலிலும் நாடகக் கொட்டகையின் முன்றிலிலும் நமது கையிற் கொடுக்கப்படும் நிகழ்ச்சித் தாளை நாம் எவ்வளவு நேரம் வைத்திருக்கின்றோம்? புழுக்கமான இரவாயின் அது விசிறியாகின்றது. பக்கத்திலே குழந்தை இருக்குமாயின் கடலை மடிக்கும் சுருளாகின்றது. நிகழ்ச்சி முடிந்து சனங்கள் எழுந்து சென்ற பின்னர் நாற்காலிகளின் கீழே கிடந்து, மறுநாட் காலையிற் குப்பையோடு குப்பையாகின்றது. நூலைப் போல அது விலைக்கு விற்கப்படுவதில்லை. புதினப் பத்திரிகையைப் போல வாசிகசாலையிற் கட்டி வைக்கப்படுவதுமில்லை. இத்தகைய தாள்களைத் தேடித் திரட்டிக் காப்பாற்றும் சுவடிச்சாலைகள் சில உலகில் உள்ளன. அவற்றைப் பற்றியும், அவை நமக்கு ஏன் வேண்டும் என்பதைப் பற்றியும் இன்று சில கூற விழைகின்றேன்.

1891ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மே மாதம் 5ஆந் திகதி நியூயோர்க் நகரிற் கார்னகி மண்டபம் திறக்கப்பட்டது. இரண்டு மாதங்கள் கூடக் கழியவில்லை. யூலை மாதம் முதலாந் திகதி சென்னையிலே பம்மல் சம்பந்த முதலியாரும் அவருடைய நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தனர். கற்றோரும் உத்தியோகத்தரும் நாடக மேடையில் ஏறலாம் என்று தமிழ்நாட்டுக்குக் காட்டிய சபை அது. விக்டோரியா பொது மண்டபத்தில் அதன் நாடகங்கள் பல அரங்கேறின.

கார்னகி மண்டபத்தாரும் நெடுங்காலம் தம் தாள்களைப் பேணினாரல்லர். 1986ஆம் ஆண்டிலேதான் அங்கே சுவடிச்சாலை ஒன்று அமைந்தது. அதன் பொறுப்பாளர், பழைய நிகழ்ச்சித் தாள்கள் வீட்டில் இருப்பின் தந்துதவுமாறு பொதுமக்களை வேண்டினார். பெட்டிகளிலும் அலுமாரிகளிலும் முடங்கிக் கிடந்தவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இன்று அம்மண்டபத்தில் எந்நாளில் யார் என்ன வாசித்தார் என்பதைக் கணினியில் எவரும் பார்க்கலாம்.

சுகுண விலாச சபைக்கு அத்தகைய பேறு கிட்டவில்லை. அதன் கதையை நாம் பெரும்பாலும் அறிவது, சம்பந்த முதலியார் ஆறு பாகங்களாக எழுதிய 'நாடக மேடை நினைவுகள்' என்னும் நூலினாலேயாம். அருமையான நூல்தான், ஐயமில்லை. தம்மோடு பெண் வேடம் பூண்டு நடித்த ரங்கவடிவேலுவைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தோர் மறவார். எனினும் நினைவு என்பது தனக்கு வேண்டியவரையே பற்றிக்கொள்ளும் இயல்பினது. ஆர்மோனியம் வாசித்தவர், மிருதங்கம் தட்டியவர், இரண்டாங் காட்சியிற் சேவகனாக வந்து போனவர் ஆகியோரைத் தலைவருடைய நினைவு விட்டுவிடலாம். அச்சுத் தாள் அவர்களையும் வரிசையில் நிறுத்தும்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் இது இன்னும் தெளிவாகும். அங்கே நிலையான நாடகக் கம்பனி என்று ஒன்று இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் அழைக்கப்பட்டு ஓரிரவுக்கு ஒன்றுகூடுவர். விடிந்ததும் பிரிந்து செல்வர். அவர்கள் அனைவரும் ஒருங்கே நிற்கும் இடம் அந்த நோட்டீஸ் ஒன்றே. சூசன் சைசர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் இக்கலைஞர்களைப் பற்றி 2005இல் வெளியிட்ட நூலில் நோட்டீசுகளையும் ஊன்றி ஆராய்ந்திருப்பது இக்காரணம் பற்றியே எனலாம்.

தாள் சொல்வதெல்லாம் மெய்யென்று கொள்ளுதல் ஆகாது. அது நடக்கப்போவதைச் சொல்வது, நடந்ததைச் சொல்வதன்று. பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கலாம். மழையினால் ஆட்டம் நின்றிருக்கலாம். ஆகையால் ஆராய்ச்சியாளர் அதனைப் பத்திரிகைச் செய்தியோடும் கணக்குப் புத்தகத்தோடும் ஒப்புநோக்குவர்.

இன்னொரு குறையும் உண்டு. பழைய நோட்டீசுகள் பலவற்றில் நாளும் கிழமையும் இருக்கும், ஆண்டு இராது. அடுத்த வாரம் நடக்கும் நாடகத்துக்கு ஆண்டு எதற்கு என்று அச்சிட்டவர் எண்ணினார் போலும்! 'மார்ச்சு 12, சனிக்கிழமை' என்று ஒரு தாளிற் காண்கின்றோம் என வைத்துக்கொள்வோம். அந்நாள் சனிக்கிழமையாக வந்த ஆண்டுகள் 1927, 1932, 1938, 1949 எனப் பல. ஐந்து, ஆறு, பதினோர் ஆண்டு இடைவெளிகளில் அதே கிழமை மீண்டும் வருவதனால் கிழமை மட்டும் போதாது. தமிழ் வருடப் பெயர் இருக்குமாயின் சிக்கல் தீர்ந்தது: பிரசோற்பத்தி வருடத்து மாசி மாதமெனின் 1932; ஈசுவர வருடமெனின் 1938. அப்பெயரும் இல்லையேல், அச்சகத்தின் பெயர், கதிரைக்கும் வாங்குக்கும் தரைக்கும் குறித்த கட்டணம், நடிகருடைய பட்டம், மின்விளக்கு உண்டென்னும் விளம்பரம் ஆகியவற்றைத் துணைகொண்டே ஆண்டைத் துணிதல் வேண்டும். பள்ளிக் கணக்கைவிடச் சுவையான கணக்கு இது என்று என் மாணவர் கூறுவர். பிரித்தானிய நூலகத்தார் 2017ஆம் ஆண்டில் தம்மிடமுள்ள பழைய நாடக விளம்பரத் தாள்களைக் கணினியில் ஏற்றி, அவற்றிலுள்ள நாடகப் பெயர்களையும் நாட்களையும் படித்தெழுத உதவுமாறு பொதுமக்களையே அழைத்தனர்.

சொற்களின் வரலாற்றுக்கும் இத்தாள்கள் சான்றாகின்றன. சதிர் என்றும் சின்னமேளம் என்றும் வழங்கிய ஆடல், 1932ஆம் ஆண்டளவிற் சென்னைச் சங்கீத வித்வத் சபையின் ஆதரவோடு 'பரதநாட்டியம்' என்னும் பெயரை நிலையாகப் பெற்றது. தீர்மானம் ஒரே நாளில் நிறைவேறும். மக்கள் வாயில் ஒரு சொல் எப்பொழுது மாறியது என்பதை அறிய, ஊரூராக ஆண்டாண்டாகத் தாள்களை அடுக்கிப் பார்த்தல் வேண்டும். 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதன் பின்னர்க் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கள் எவ்வளவு பெருகின என்னும் கேள்விக்கும் மேடைப் பேச்சுக்கள் விடை தரா. பாட்டுப் பட்டியலே தரும்.

தமிழிலே இவ்வருமையை உணர்ந்து சேர்த்தவர் ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் தொழிலினர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். பழம் புத்தகக் கடைகளிலும் பழந்தாள் வியாபாரிகளிடமும் தேடி, நூல்களோடு நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் முதலியவற்றையும் வாங்கி வைத்தார். 1992இல் அவர் காலமானபொழுது அத்தொகுதி ஓரிலட்சத்தையும் கடந்திருந்தது. சிகாகோப் பல்கலைக்கழகத்தார் அதனை வாங்கினராயினும் கடல் கடந்து கொண்டுசெல்லவில்லை. 1994ஆம் ஆண்டிலே சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாக அது நிலைபெற்றது. கற்றறிந்தோர் கழித்துவிட்டதைப் பலகை எழுதுபவர் பொறுக்கி வைத்தார். நம் வாசிகசாலைகளை நடத்துவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி, நமது நாட்டுக்கு வருவோம். கொழும்பின் தமிழ் நாடக மேடை வளமாக இருந்த காலம் ஒன்றுண்டு. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இணைந்தது அந்நகர மேடையிலேதான். சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் லங்கா சுபோத விலாச சபையின் வாயிலாக அம்மரபை இங்கே வேரூன்றச் செய்தார். பேராதனையிலே பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் புதுக்கி, 1962இற் 'கர்ணன் போர்' நாடகத்தை மேடையேற்றினார். இவற்றின் தாள்கள் எங்கே? சிலருடைய வீட்டுப் பெட்டிகளில் உண்டு, பல அழிந்தன. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதன் பின் வந்த போரிலே, இடம்பெயர்ந்தவர் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு சென்றனரன்றி நோட்டீசைக் கட்டிக்கொண்டு சென்றாரல்லர். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் நூல்களோடு விழா மலர்களையும் பிரசுரங்களையும் படமெடுத்துப் பதிவு செய்து வருவதே இன்று நமக்குள்ள பெருந்துணை. மூலத்தாளை உரியவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதனால் கொடுப்பதற்கு எவரும் அஞ்சவேண்டியதில்லை. கொடுக்குமுன் தாளின் பின்புறத்திற் பென்சிலால் ஆண்டையும் ஊரையும் குறித்துவிடுங்கள். மையால் எழுதுதல் கூடாது. அது ஊறி மறுபுறத்து எழுத்தைக் கெடுக்கும்.

கலேவெலவில் வாழும் எனக்கு வேறொரு கவலையும் உண்டு. நகரத்து மண்டபங்களுக்குத் தாள் இருந்தது. மலைநாட்டுக் கூத்துக்கோ தாளே இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளர், காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் நெஞ்சிலே சுமந்து வந்தனர். மாசி மாதத்தில் தப்பொலி எழுந்தால் லயத்தார் அனைவர்க்கும் அதுவே அழைப்பு. அச்சடித்த நோட்டீசு எதற்கு? ஆகவே ஆடியவர் பெயரும் பயிற்றிய வாத்தியார் பெயரும் எந்தச் சுவடிச்சாலையிலும் இல்லை. மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் உறவினரை உடைய மாணவர் சிலர், எங்கள் பாடசாலையிலே அதனை இப்பொழுது எழுதத் தொடங்கியுள்ளனர். முதியோரை வினவி, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எந்த வேடம், யார் பூண்டார் என்று, அச்சாகாமற்போன நிகழ்ச்சித் தாளை இத்தனை ஆண்டுகளின் பின் கோடிட்ட கொப்பியில் நிரப்புகின்றனர். சென்ற வாரம் வந்த ஒரு பக்கத்திலே, ரதி வேடம் பூண்டவரின் பெயருக்கு நேரே ஒரு மாணவி குறித்திருந்தாள்: 'இவருக்குப் பின் எவரும் பழகவில்லை.'